ஹேண்டில் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்: விழுந்த டர்ட் பைக்கின் முன்பக்கத்தை நேர்ப்படுத்துதல்

விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தி மறுபடி ஏறி உட்கார்ந்ததும் முதலில் உறுத்துவது ஹேண்டில்தான். சக்கரம் நேராகப் போகிறது. ஹேண்டில்பாரோ ஒரு பக்கம் திரும்பி நிற்கிறது. வண்டி நேராகப் போக வேண்டுமானால் ஹேண்டிலைக் கொஞ்சம் கோணலாகவே பிடிக்க வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்ததும் “ஃபோர்க் பெண்டாயிடுச்சு” என்று முடிவுகட்டிப் புது பைப்புக்கு விலை கேட்கப் போகிறவர்கள் நிறையப் பேர். கொஞ்சம் பொறுங்கள். இப்படி நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எதுவுமே வளைந்திருக்காது. பாகங்கள் தங்கள் இடத்திலிருந்து வழுக்கித் திருகிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். சரியான சாவிகளும் அவசரப்படாத கையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம்.

ஆனால் எல்லா வண்டியும் அப்படியல்ல. சிலவற்றில் பைப் உண்மையாகவே வளைந்திருக்கும். கிளாம்பில் விரிசல் விட்டிருக்கும். சட்டத்தின் கழுத்தே பின்னுக்குப் போயிருக்கும். திருகல், தளர்த்தினால் போகும். வளைவு, தளர்த்தினாலும் போகாது. இந்த அத்தியாயத்தில் வரும் அத்தனை வேலையும் உங்கள் வண்டியில் இருப்பது இவற்றில் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான். நல்ல பைப்பை வளைந்ததாக நினைத்து மாற்றினால் பணம் போகும். வளைந்த பைப்பைத் திருகல் என்று நினைத்து ஓட்டினால் போவது பணம் மட்டுமாக இருக்காது.

திருகல் எப்படி வருகிறது

முன்சக்கரத்தைப் பிடித்திருப்பவை இரண்டு ஃபோர்க் கால்கள். கீழே ஆக்ஸில் அந்த இரண்டையும் இணைக்கிறது. மேலே இரண்டு கிளாம்புகள் இருக்கின்றன: ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங்குகளான கோன் செட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ்க் கிளாம்போடு சேர்ந்த தண்டு, சட்டத்தின் கழுத்துக்குள் நுழைந்து மேல் கிளாம்பு வரை போகிறது. கிளாம்பில் ஃபோர்க் காலின் பைப்பைப் பிடித்து வைத்திருப்பது வெல்டிங்கோ ஆணியோ அல்ல, வெறும் இறுக்கம்தான். கிளாம்பின் வாயில் ஒரு வெட்டு. அந்த வெட்டைச் சேர்த்து இறுக்க ஒன்றோ இரண்டோ போல்ட். அந்தப் பிடிக்கு ஓர் எல்லை உண்டு.

வண்டி விழும்போது சக்கரம் ஒரு கல்லிலோ வண்டித்தடப் பள்ளத்திலோ மாட்டி நின்றுவிடுகிறது. ஹேண்டில்பாரின் முனை தரையில் மோதுகிறது. அந்த நீளமான நெம்புகோல், கிளாம்புகளைத் தண்டைச் சுற்றித் திருப்பப் பார்க்கிறது. கீழே ஆக்ஸில் திரும்ப மறுக்கிறது. பைப்புகள் கொஞ்சம் வளைந்து கொடுக்கின்றன. பிடி எல்லையைத் தாண்டியதும் கிளாம்புக்குள் சற்று வழுக்குகின்றன. அடி முடிந்ததும் பைப்புகள் எஃகின் குணப்படி நிமிரப் பார்க்கும். ஆனால் இப்போது புதிய இடத்தில் கிளாம்பு அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விடாது. ஒரு கால் சற்று முன்னே, இன்னொன்று சற்றுப் பின்னே என்று அந்த நிலையிலேயே எல்லாம் உறைந்துவிடுகிறது.

இந்த வழுக்கல் குறையல்ல. பைப் நிரந்தரமாக வளைவதற்கு முன்னால் கிளாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால்தான் பல விழுகைகளில் பைப் தப்புகிறது. “இனிமேல் திருகவே கூடாது” என்று கிளாம்பு போல்ட்டை மல்லுக்கட்டி இறுக்குகிறவர்கள் அந்தப் பாதுகாப்பைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள். இதைப் பின்னால் மறுபடி சொல்வேன், அத்தனை முக்கியம்.

மண் பாதைகளில் நாம் அதிகம் பார்க்கும் எக்ஸ்பல்ஸ் 200-இல் 37 மி.மீ. பைப், 190 மி.மீ. அசைவு. பழைய ஹிமாலயன் 411-இல் 41 மி.மீ. பைப், 200 மி.மீ. அசைவு. ஹிமாலயன் 450-இல் 43 மி.மீ. யுஎஸ்டி, அதாவது தடித்த குழாய் மேலேயும் மெல்லிய குழாய் கீழேயும் இருக்கும் தலைகீழ் ஃபோர்க். கேடிஎம் எஸ்எக்ஸ், யமஹா ஒய்இசட் போன்ற போட்டி வண்டிகளில் 48 மி.மீ. யுஎஸ்டி, அசைவு 300 மி.மீ. வாக்கில். பைப் மெலிதாக, அசைவு நீளமாக இருந்தால் திருகலும் எளிதில் வரும். எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்துக்கு அடிக்கடி வர வேண்டியிருக்கும்.

சாவியைத் தொடுவதற்கு முன்

முதலில் கண்ணால் பாருங்கள். வண்டியை யாரையாவது நேராகப் பிடிக்கச் சொல்லி, நாலைந்து அடி முன்னே போய் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் ஒரே பார்வையில் பாருங்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அருகில் இருக்கும் கால் தூரத்தில் இருக்கும் காலை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மறைக்க வேண்டும். மேலே மறைத்துக் கீழே விலகினால் அது திருகல்.

அடுத்தது ஹேண்டில்பாரையே சந்தேகப்படுவது. சக்கரமும் கிளாம்பும் நேராக இருந்து, பார் மட்டும் கோணலாக இருந்தால், பார் வளைந்திருக்கலாம். அல்லது பாரைத் தாங்கும் குமிழ்களின் போல்ட் வளைந்திருக்கலாம். அதிர்வு குறைய ரப்பர் வைத்த குமிழ்கள் உள்ள வண்டியில், அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்பது சகஜம். மேல் கிளாம்புக்கு அடியில் இருக்கும் குமிழ் நட்டைத் தளர்த்தினாலே பார் தன் இடத்துக்கு வந்துவிடும். இதைப் பார்க்காமல் ஃபோர்க்கைப் பிரித்துவிட்டு, எல்லாம் சரியாக இருந்தும் பார் கோணலாகவே இருக்கிறதே என்று முழிப்பது வீண் வேலை. வளைந்த அலுமினிய பாரை நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள். நிமிர்த்திய அலுமினியம் எந்தக் குதியில் முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, சட்டத்தின் கழுத்து. கோன் செட் இருக்கும் குழாயும் அதிலிருந்து கீழிறங்கும் குழாயும் சேரும் இடத்தில் பெயின்ட் சுருங்கியிருக்கிறதா, மயிரிழை போல வெடித்திருக்கிறதா, வெல்டிங் ஓரத்தில் துரு புதிதாக எட்டிப் பார்க்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். முன்சக்கரம் வழக்கத்தைவிட எஞ்சினுக்கு நெருக்கமாகத் தெரிந்தாலும், ஃபோர்க்கை அமுக்கும்போது டயர் சைலன்சர் பைப்பையோ ரேடியேட்டரையோ தொடப் போனாலும் பிரச்சினை பெரியது. பெயின்ட் சுருங்கிய கழுத்தைக் கண்டால் இந்த அத்தியாயத்தை அத்துடன் மூடிவிட்டு, சட்டம் நேர்ப்படுத்தத் தெரிந்த பட்டறைக்குப் போங்கள்.

காட்டுக்குள் மாட்டிக்கொண்டால்

ஊரிலிருந்து தள்ளி எங்கேயோ விழுந்திருக்கிறீர்கள். ஹேண்டில் கோணல். முன்சக்கரத்துக்கு எதிரே, வண்டியைப் பார்த்து நின்று, சக்கரத்தை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்து, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுப்பது மண்ணில் ஓட்டுகிறவர்களிடையே எல்லா நாட்டிலும் இருக்கும் வழக்கம். லேசான திருகலுக்கு இது வேலை செய்யும். அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் பிடியைக் குறையுங்கள்: இரண்டு கிளாம்புகளின் போல்ட்களையும் அரைச் சுற்று தளர்த்தி, மறுபடி இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். இறுக்கிவிட்டு மெதுவாக ஊர் திரும்புங்கள்.

சிலர் சக்கரத்தை மரத்தில் மோதி நேராக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரிம்முக்கும் ஸ்போக்ஸுக்கும் இல்லாத கேட்டை நாமே கொண்டுவர வேண்டியதில்லை. கிளம்புவதற்கு முன் ஒன்றை மட்டும் தவறாமல் பாருங்கள்: எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி வரை, வலக்கோடி வரை திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறக் கூடாது. ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கேயோ இழுபடுகிறது. முன்பிரேக் குழாய் பிதுங்கியோ நசுங்கியோ இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

காட்டில் செய்தது தற்காலிகம். வீட்டுக்கு வந்ததும் முழு வேலையையும் முதலிலிருந்து செய்தே ஆக வேண்டும்.

முறையாகச் செய்வது

வண்டியை எஞ்சினுக்கு அடியில் தாங்கி, முன்சக்கரம் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்கும்படி தூக்குங்கள். பின்பக்கம் யாராவது பிடித்துக்கொண்டால் நல்லது; இல்லையென்றால் கயிறு கட்டி நிலைப்படுத்துங்கள். இதில் அலட்சியம் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றியிருக்க, இரண்டு கிளாம்புகளையும் தளர்த்தினால் பைப்புகள் கிளாம்புக்குள் மேலேறி, வண்டியின் முன்பக்கம் தடாலென்று இறங்கிவிடும். விரல் நடுவில் இருந்தால் விரல் போய்விடும்.

தளர்த்துவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள். மேல் கிளாம்புக்கு மேலே ஒவ்வொரு பைப்பும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு கால் மேலே வழுக்கியிருக்கிறது. எந்த உயரம் சரி என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். சில ஃபோர்க்குகளில் பைப்பிலேயே வரிகள் வெட்டியிருப்பார்கள்.

இப்போது தளர்த்துங்கள், ஆனால் எதையும் கழற்ற வேண்டாம். ஆக்ஸில் நட்டையும், காலின் அடியில் ஆக்ஸிலைக் கவ்வும் போல்ட்களையும் தளர்த்துங்கள். சக்கரத்தை ஒட்டிய தாழ்வான மட்கார்டு இருந்தால், அதன் இரும்புப் பிடி இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டியிருக்கும். அதையும் தளர்த்த வேண்டும். இதை மறந்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் தளர்த்தியும் திருகல் போகாமல் அப்படியே நிற்கும். பிறகு கீழ்க் கிளாம்பு, மேல் கிளாம்பு, தண்டின் உச்சியில் இருக்கும் பெரிய நட், பார் குமிழ்கள். பெரிய நட்டைத் தளர்த்தும்போது அதற்குக் கீழே கோன் செட்டின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் வளைய நட்டைத் தொடாதீர்கள்.

எல்லாம் தளர்ந்ததும் ஹேண்டிலைப் பிடித்து இடமும் வலமும் லேசாக ஆட்டுங்கள். பல நேரம் “டிக்” என்ற சிறு சத்தத்தோடு பைப்புகள் நேர்ப்பட்டுவிடுவதைக் கையாலேயே உணரலாம். அடக்கி வைத்திருந்த எஃகு விடுபட்டுத் தன் நிலைக்கு வருகிறது. வராவிட்டால் முழங்கால் முறையைக் கொஞ்சமாகப் பயன்படுத்தலாம். இந்நேரம் பெரிய பலம் தேவைப்படாது.

இப்போது நேராகிவிட்டதா என்று சோதிக்க வேண்டும். கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடிக் கடையில் வீணாகும் துண்டுகளில் 6 மி.மீ. தடிமனுள்ள ஒன்றை, இரண்டு பைப்புகளுக்கும் குறுக்கே வைக்கும் அகலத்தில் வெட்டி, ஓரங்களைத் தேய்த்து வாங்கி வையுங்கள். நல்ல கண்ணாடி அளவு தப்பாத தட்டை. கடையில் விற்கும் பல இரும்பு ஸ்கேல்களைவிட நம்பகமானது. பைப்பின் விட்டம் ஒரே சீராக இருக்கும் பகுதியில், இரண்டு பைப்புகளின் மேலும் படும்படி அந்தக் கண்ணாடியைப் பொருத்துங்கள். மூலைகளை விரலால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். இரண்டு பைப்பும் ஒரே தளத்தில் இருந்தால் கண்ணாடி அசையாது. திருகல் மிச்சமிருந்தால் எதிரெதிர் மூலைகளில் கண்ணாடி ஆடும், “டக் டக்” என்று கேட்கும். ஆட்டம் நிற்கும் வரை ஹேண்டிலை மயிரிழையாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பொறுமையாகச் செய்தால் இந்தக் கண்ணாடி காட்டிக்கொடுக்காத திருகலே இல்லை.

கண்ணாடி கிடைக்காத இடத்தில் தச்சர் முறை உதவும். பலகையில் திருகல் இருக்கிறதா என்று பார்க்கத் தச்சர் இரண்டு நேரான குச்சிகளை இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, ஒன்றின் விளிம்பை இன்னொன்றின் விளிம்போடு சேர்த்துப் பார்ப்பார். அதேபோல மேல் கிளாம்புக்குக் கீழே ஒரு நேரான அலுமினியப் பட்டையையும், கீழே தூசிக் கவசத்துக்குச் சற்று மேலே இன்னொன்றையும் பைப்புகளுக்குக் குறுக்கே ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு பட்டைகளும் இணையாக இருக்க வேண்டும். பட்டை நீளமாக இருக்க இருக்க, சிறு திருகலும் பெரிதாகத் தெரியும்.

வளைவைக் கண்டுபிடித்தல்

தளர்த்தியும் கண்ணாடி ஆடுவது நிற்கவில்லை என்றால், அல்லது விழுகை பலமாக இருந்தால், சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

முதலில் ஆக்ஸில். அதே கண்ணாடித் தட்டின் மேல் வைத்து உருட்டுங்கள். ஆக்ஸிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் ஏறி இறங்கினால் ஆக்ஸில் வளைந்திருக்கிறது. டயல் கேஜ் வைத்து அளந்தால் பல கையேடுகள் 0.2 மி.மீ. வரைதான் அனுமதிக்கும், சில வண்டிகளில் 0.5 வரை விடுவார்கள். ஆக்ஸில் விலை அதிகமில்லை. சந்தேகம் வந்தால் மாற்றிவிடுங்கள், நிமிர்த்தச் சொல்லி லேத்துப் பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

பிறகு பைப். சக்கரம் இல்லாத நிலையில், ஒரு காலின் கிளாம்பு போல்ட்களைத் தளர்த்தி, பைப்பை அதன் உச்சி மூடியைப் பிடித்துக் கிளாம்புக்குள்ளேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுற்றும்போது காலின் அடிமுனையைக் கவனியுங்கள். பைப் நேராக இருந்தால் அடிமுனை இருந்த இடத்திலேயே நிற்கும். வளைந்திருந்தால் ஒரு வட்டம் போடும். எதிர்க்காலுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி கூடிக் குறையும். வளைவு பெரும்பாலும் கீழ்க் கிளாம்புக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும். அடியின் மொத்த நெம்பும் அங்கேதான் இறங்குகிறது.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் பைப்பைத் தனியாகக் கழற்றி வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் பார்க்க வேண்டும். நல்ல லேத்துப் பட்டறையில் இந்த வசதி இருக்கும். ஹோண்டா உள்ளிட்டோரின் கையேடுகளில் எல்லை 0.2 மி.மீ. என்றிருக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பைப்பைச் சுற்றும்போது முள் மொத்தமாக நகரும் தூரத்தில் பாதிதான் உண்மையான விலகல். முள் 0.4 நகர்ந்தால் விலகல் 0.2. இது தெரியாமல் நல்ல பைப்பைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

சாதாரண ஃபோர்க்கின் இரும்புப் பைப்பில், கண்ணுக்குத் தெரியாத, டயல் கேஜுக்கு மட்டும் அகப்படும் வளைவு என்றால், ஹைட்ராலிக் பிரஸ் வைத்துப் பெண்டு எடுப்பவர்கள் நேராக்க முடியும். கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நம்பலாம். கண்ணுக்கே தெரியும் வளைவு என்றால் என் தீர்மானம் ஒன்றுதான்: புதுப் பைப். மடிப்பு விழுந்தது, குரோம் உரிந்தது, அடிபட்ட இடத்தில் தட்டையானது, இவை எதையும் நேராக்கக் கூடாது. குரோம் உரிந்த இடம் ஒவ்வொரு அசைவிலும் ஆயில் சீலைக் கிழிக்கும். எண்ணெய் வடிந்து பிரேக் டிஸ்க்கில் இறங்கும். யாராவது பைப்பைச் சூடாக்கி நிமிர்த்துகிறேன் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். சூடு எஃகின் பதத்தையே போக்கிவிடும். யுஎஸ்டி ஃபோர்க்கின் வெளிக்குழாய் அலுமினியம். அது வளைந்தால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கிளாம்புகளைத் துடைத்துப் பாருங்கள். அலுமினிய வார்ப்பு வளைவதைவிட விரிசல் விடுவதே அதிகம். விரிசலோ கண்ணுக்குத் தப்பிவிடும். பழைய பட்டறை முறை ஒன்று இருக்கிறது. கிளாம்பை நன்றாகக் கழுவி, மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிடுங்கள். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஒரு கோடாக ஈரம் தெரியும். பைப் நுழையும் துளையின் ஓரமும், தண்டு சேரும் இடமும், ஹேண்டில் தடை மோதும் மேடும்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை. விரிசல் விட்ட கிளாம்பை வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சக்கரத்தையும் உங்களையும் சேர்த்து வைத்திருப்பது அந்த ஒரு துண்டுதான்.

கோன் செட்டும் சக்கரமும்

சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே கோன் செட்டைப் பார்த்துவிடலாம். கால்களின் அடிமுனையைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். “களக்” என்றால் கோன் செட் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை நடுவிலிருந்து ஒரு விரலால் தட்டிவிடுங்கள். தன் எடையிலேயே பக்கத்துக்குச் சாய வேண்டும். நேராக இருக்கும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து நிற்பது போலப் பிடித்தால், விழுந்த அடியில் பேரிங் குண்டுகள் ரேஸில் குழி பதித்துவிட்டன. இதை இறுக்கியோ கிரீஸ் வைத்தோ சரிசெய்ய முடியாது. செட்டையே மாற்ற வேண்டும். குண்டு மட்டும் மாற்றி ரேஸை விட்டுவிடுவது அரை வேலை.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு, காலில் ஒரு குச்சியைக் கட்டி ரிம்முக்கு அருகே நிறுத்தினால் கோட்டம் தெரியும். பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் 2 மி.மீ. வரை பொதுவாக அனுமதிப்பார்கள். ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகச் சிறு சாவியால் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். கோட்டம் எடுப்பது தனி அத்தியாயத்துக்குரிய கலை, இங்கே விரிக்கவில்லை. பிரேக் டிஸ்க் வளைந்திருக்கிறதா, ஏபிஎஸ் இருந்தால் சென்சார் வயர் இழுபட்டிருக்கிறதா என்று இதே நேரத்தில் பாருங்கள்.

திரும்ப இறுக்கும் வரிசை

நேர்ப்படுத்தும் வேலையில் பாதி இந்த வரிசையில்தான் இருக்கிறது. கண்ணாடி அசையாமல் நிற்கிறது என்று நினைத்த இடத்தில் மேல் கிளாம்பை இறுக்கிவிடுவதும், பிறகு ஆக்ஸிலை இறுக்குவதும் பலர் செய்வது. ஆக்ஸில் தன் இறுக்கத்தில் கால்களை இழுக்கும். மேலே ஏற்கெனவே இறுகியிருப்பதால் கால்கள் இடம் மாற முடியாமல் விறைத்து நிற்கும். எனவே கீழிருந்து மேலே போங்கள்.

ஆக்ஸில் முதலில் எந்தத் தடையும் இல்லாமல் இரண்டு கால்களுக்குள்ளும் நுழைய வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் நேர்ப்படவில்லை என்று பொருள், திரும்பப் போங்கள். லேசாக கிரீஸ் தடவிய ஆக்ஸில் விரல் பலத்தில் சுழல்வதைவிடச் சிறந்த சோதனை வேறில்லை. அதன் பின் ஆக்ஸில் நட்டைக் கையேடு சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். நட் இருக்கும் பக்கத்துக் கவ்வும் போல்ட்களை இறுக்கலாம். எதிர்ப்பக்கத்தை இன்னும் தளர்வாகவே விடுங்கள். அடுத்துக் கீழ்க் கிளாம்பை மிதமாக, பைப் வழுக்காத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

இப்போது வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டிலை அழுத்தி ஃபோர்க்கைப் பலமுறை மேலும் கீழும் ஆட்டுங்கள். தளர்வாக விட்ட பக்கத்துக் கால், ஆக்ஸிலின் மேல் தனக்கு வசதியான இடத்துக்கு நகர்ந்து உட்காரும். இரண்டு கால்களுக்கும் இடையேயான தூரத்தை அதுவே தீர்மானிக்கட்டும், நாம் தீர்மானிக்க வேண்டாம். இதைச் செய்யாமல் விட்டால் ஃபோர்க் உள்ளே உராய்ந்து, சிறு கற்களில் இறுக்கமாக அடிக்கும். சஸ்பென்ஷன் சரியில்லை என்று எண்ணெயை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

மறுபடி தூக்கி நிறுத்தி, பைப் உயரம் இரண்டிலும் ஒன்றா, கண்ணாடி அசைகிறதா என்று கடைசி முறை பாருங்கள். கீழ்க் கிளாம்பை முழு அளவுக்கு இறுக்குங்கள், பிறகு தண்டின் பெரிய நட், பிறகு மேல் கிளாம்பு, பிறகு பார் குமிழ்கள், மட்கார்டு பிடி. கடைசியாக, தளர்வாக விட்டிருந்த ஆக்ஸில் கவ்வும் போல்ட்கள். ஒரு கிளாம்பில் இரண்டு போல்ட் இருந்தால் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டும் அளவில் நிற்கும் வரை இறுக்குங்கள். முதலில் இறுக்கியது இரண்டாவதை இறுக்கும்போது தளர்ந்திருக்கும்.

அளவைப் பற்றி முன்னால் சொன்னதை இங்கே மறுபடி சொல்கிறேன். கேடிஎம்மின் அண்மைக்கால எண்டுரோ வண்டிகளில் மேல் கிளாம்பு போல்ட்களுக்கு 17 நியூட்டன் மீட்டர், கீழ்க் கிளாம்புக்கு வெறும் 12. நீளமான சாவியில் கைப்பலத்தால் இறுக்குகிறவர், தெரியாமலேயே இதைப்போல இரண்டு மடங்குக்குப் போய்விடுவார். யுஎஸ்டி ஃபோர்க்கில் கீழ்க் கிளாம்பு கவ்வுவது மெல்லிய அலுமினியக் குழாயை. உள்ளே அதே இடத்தில் புஷ் வழுக்கிப் போக வேண்டும். அதிகம் இறுக்கினால் குழாய் முட்டை வடிவமாக அமுங்கி, ஃபோர்க் நடு அசைவில் பிடிக்கும். அடுத்த விழுகையில் வழுக்க வேண்டிய பைப் வழுக்காமல் வளையும். டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஒரு ஃபோர்க் பைப்பைக் காப்பாற்றினாலே அதற்குக் கொடுத்த காசு திரும்பி வந்துவிடும்.

ஓட்டிப் பார்த்தல்

சமதரையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், மெதுவாக ஓட்டுங்கள். பிடியை லேசாக்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? இழுத்தால், முன்னும் பின்னும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் பின்சக்கரத்தின் செயின் இழுப்பான் குறிகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று உறுதிப்படுத்துங்கள். பிறகு பின்டயரின் இரண்டு பக்கத்தையும் தொட்டபடி இரண்டு நேரான அலுமினியக் குழாய்களை முன்டயர் வரை நீட்டி வையுங்கள். எக்ஸ்பல்ஸில் பின்டயர் 120 மி.மீ., முன்டயர் 90 மி.மீ. அகலம், ஹிமாலயன் 411-இலும் அப்படியே. ஆகவே முன்டயரின் ஒவ்வொரு பக்கமும் குழாய்க்கு 15 மி.மீ. வாக்கில் இடைவெளி வரும். டயருக்கு டயர் அகலம் சற்று மாறும் என்பதால் எண் முக்கியமல்ல, இரண்டு பக்கமும் சமமாக இருப்பதே முக்கியம். ஒரு பக்கம் மட்டும் நெருக்கமாக இருந்து, ஃபோர்க்கில் எந்தக் குறையும் இல்லையென்றால், சட்டத்தையோ பின்பக்க ஸ்விங் ஆர்மையோதான் சந்தேகப்பட வேண்டும்.

முதல் ஓட்டம் முடிந்து திரும்பியதும் கிளாம்பு போல்ட்களையும் ஆக்ஸில் போல்ட்களையும் டார்க் ரெஞ்சில் மறுபடி சரிபாருங்கள். புதிதாக உட்கார்ந்த பாகங்கள் கொஞ்சம் இளகியிருக்கும். அளவு சரியானதும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் கிளாம்பு மேல் நீளும்படி ஒரு சின்ன பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள். மேல் கிளாம்பின் ஓரத்திலிருந்து பைப் மேலும் ஒரு கோடு. அடுத்த முறை விழுந்தால் சாவி எடுப்பதற்கு முன்பே, எது நகர்ந்தது, எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்தக் கோடுகளே காட்டிவிடும். கிளட்ச், பிரேக் லீவர்களின் பிடிகளை மட்டும் மற்றதைப்போல இறுக்காதீர்கள். பாரில் ஒரு சுற்று டெஃப்லான் டேப் சுற்றி, ஓட்டும்போது நகராமலும் அடிபட்டால் சுழன்று கொடுக்கும்படியும் இறுக்கினால், விழும்போது லீவர் முறியாமல் தப்பும்.